பத்தாயிரம் ரூபாய்க்கு ஒலி: சந்தாவா, ரெக்கார்டரா, சும்மா கிடைப்பதா?

என் அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். சின்ன மிடி கீபோர்டு ஒன்று வாங்கியபோது கூடவே வந்த ஏபிள்டன் லைவ் லைட் என்ற இசை மென்பொருளை மடிக்கணினியில் ஏற்றிவைத்து, ஒரு வருடமாக ராத்திரி முழுக்க பீட் போட்டுக்கொண்டிருக்கிறான். போன மாதம் போன் செய்தான். "மாமா, பத்தாயிரம் சேத்து வச்சிருக்கேன். ஸ்ப்ளைஸ் சந்தா எடுக்கட்டுமா, ரெக்கார்டர் வாங்கட்டுமா? ஃபிரண்டு என்னடான்னா ரெண்டும் வேணாம், எல்லாம் ஃப்ரீயாவே கிடைக்குதுங்கிறான்."

பாட்டில் வைக்க ஆயத்த ஒலிகளை இணையத்தில் விற்கும் கடைதான் ஸ்ப்ளைஸ். நான் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். "ரெக்கார்டர் வாங்குடா" என்று சொல்லி வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால் அது பாதிதான் சரி. எந்த ஒலிக்காகக் கேட்கிறான் என்று முதலில் விசாரித்திருக்க வேண்டும். ஒரு பாட்டில் இருக்கும் இருபது, முப்பது ஒலிகளில் பெரும்பாலானவை கூலிக்கு வேலை செய்பவை. நேரத்துக்கு வந்து, அடித்துவிட்டு, போய்விடும். யாரும் அவற்றைத் தனியாகக் கவனிப்பதில்லை. இரண்டு மூன்றுதான் பாட்டின் முகம். இரண்டு வகையையும் ஒரே இடத்தில் தேடுவதால்தான் காசும் போகிறது, நேரமும் போகிறது. அவனுக்கு எழுத உட்கார்ந்தது நீண்டுவிட்டது. இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்று இங்கே போடுகிறேன்.

சந்தா

ஸ்ப்ளைஸ் 2013இல் தொடங்கப்பட்ட நிறுவனம். மாதம் 13 டாலர் அளவில் கட்டினால் 100 கிரெடிட். ஒரு ஒலிக்கு ஒரு கிரெடிட். அது ஒற்றை ஸ்னேர் டிரம் அடியாக இருந்தாலும் சரி, எட்டு பார் (தாளச் சுற்று) நீளத்துக்குத் திரும்பத் திரும்ப ஓடவிடும் லூப்பாக இருந்தாலும் சரி. இறக்கி வைத்தவை சந்தாவை நிறுத்திய பிறகும் நம்முடையவைதான். பாட்டு விற்றால் அவர்களுக்குப் பங்கு கிடையாது. லூப்கிளவுட் மாதிரி வேறு கடைகளும் ஏறக்குறைய இதே கணக்கில் நடக்கின்றன.

லூப் வைத்துப் பாட்டுப் போடுவது ஏமாற்று வேலை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. ரிஹானாவின் 'அம்ப்ரெல்லா' 2007இல் உலகத்தையே சுற்றி வந்ததே, அதன் டிரம் ஆப்பிள் கணினியோடு சும்மா வரும் கராஜ்பேண்டில் இருக்கிற ஒரு லூப். 2024இல் எங்கு திரும்பினாலும் கேட்ட சப்ரினா கார்பெண்டரின் 'எஸ்பிரெஸோ'வில் ஸ்ப்ளைஸில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய லூப்கள் இருக்கின்றன. அந்த லூப்களை ஆயிரம் பேர் கேட்டுவிட்டுக் கடந்து போயிருப்பார்கள். அவற்றின் மேல் என்ன கட்டினார்கள் என்பதில்தான் எல்லாம்.

ஆனால் ஒரு தொல்லை இருக்கிறது. நான் பட்ட தொல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சந்தாத் தளத்தில் எடுத்த கிடார் லூப்பைக் கொஞ்சமும் மாற்றாமல், கூட வேறு எதுவும் சேர்க்காமல், ஒரு பாட்டின் முகப்பில் வைத்தேன். யூடியூபில் ஏற்றி ஒரு வாரத்துக்குள் உரிமை கோரல் வந்து நின்றது. கோரியவர் யாரென்றே தெரியாது. போய்க் கேட்டால் அவர் பாட்டிலும் அதே கிடார். அவரிடமும் லைசென்ஸ் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. அவர் தன் விநியோகத் தளத்தில் பாட்டை ஏற்றும்போது 'கன்டென்ட் ஐடியில் சேர்' என்ற கட்டத்தை டிக் செய்திருக்கிறார். அதே ஒலி வேறு யார் வீடியோவில் வந்தாலும் தானாகப் பிடிக்கும் யூடியூபின் ஏற்பாடு அது. மற்றவர்களுக்கும் விற்கப்படும் லூப்பை அப்படியே வைத்த பாட்டை அதில் சேர்க்கக் கூடாது என்பது விதி. யார் படிக்கிறார்கள்? கோரல் விலக ஒரு மாதம் ஆனது. அந்த லூப்பை எந்தத் தேதியில் இறக்கினேன் என்பதற்கான ரசீதைக் காட்டித்தான் தப்பித்தேன். அதன்பிறகு ஒவ்வொரு பாட்டின் ஃபோல்டரிலும் ரசீதுகளுக்கென்று ஓர் உறை வைத்திருக்கிறேன். லூப்பை வெட்டி, திருப்பி, சுருதி மாற்றி, வேறு ஆளாக்கிய பிறகே முன்னால் நிறுத்துகிறேன்.

பணத்தைவிடப் பெரிய செலவு நேரம். தீபாவளிக்கு முந்தின வாரம் தி.நகர் போனவர்களுக்கு இது புரியும். ஒரு சட்டை எடுக்கப் போய், மாடி மாடியாக ஏறி இறங்கி, கடைசியில் எது எடுக்க வந்தோம் என்பதே மறந்துபோகும். ஒரு ஸ்னேருக்காக இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டே போய், காது மரத்துப்போய், முதலில் கேட்டதையே எடுத்த நாட்கள் எனக்கு நிறைய. அதற்குள் பாட்டு மேல் இருந்த ஆசையே போயிருக்கும்.

அதனால் வருடச் சந்தா வேண்டாம் என்பதுதான் என் கட்சி. மாதக் கணக்கில் கட்டினாலும் வருடத்துக்குப் பதின்மூவாயிரத்தைத் தாண்டிவிடும், அவன் பத்தாயிரம் மொத்தமும் காலி. ஒரே ஒரு மாதம் எடுக்கலாம், ஆயிரத்துச் சொச்சம். எடுப்பதற்கு முன் பட்டியல் எழுதிக்கொள்ள வேண்டும்: பத்து ஸ்னேர், பத்து ஹை-ஹேட், ஷேக்கர், கைத்தட்டல், கொஞ்சம் குரல் துணுக்கு. நூறு கிரெடிட்டையும் அந்தப் பட்டியலுக்கே செலவழித்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். கூலி ஒலிகளுக்கு அது வருடக்கணக்கில் போதும்.

சும்மா கிடைப்பது

நண்பன் சொன்னதில் உண்மை இருக்கிறது, ஆனால் 'ஃப்ரீ' என்ற சொல்லுக்குள் நாலு விதமான ஃப்ரீ இருக்கிறது.

ஃப்ரீசவுண்ட் தளத்தை 2005இல் பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தின் இசைத் தொழில்நுட்பக் குழு தொடங்கியது. இன்று ஆறு லட்சத்துக்கும் மேல் ஒலிகள். எல்லாம் யாரோ ஒருவர் தன் ஊரில் பதிந்து போட்டது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் லைசென்ஸ் எழுதியிருக்கும். சிசி என்பது கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமம். சிசி ஜீரோ என்றால் எதுவும் கேட்க மாட்டார்கள். சிசி பை என்றால் பதிந்தவர் பெயரைப் போட வேண்டும். அதன் கூடவே என்சி என்று இருந்தால் வணிகத்துக்குக் கூடாது. "நான் எங்கே வணிகம் பண்றேன், சும்மா ஸ்பாட்டிஃபைல தானே போடறேன்" என்பான். நாலு பைசா வந்தாலும் வருகிறதல்லவா, அது வணிகம்தான். தேடும்போதே சிசி ஜீரோவை வடிகட்டியில் போட்டுவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

பிபிசி தன் ஒலி விளைவுக் களஞ்சியத்தை 2018இல் திறந்துவிட்டபோது நானும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து இறக்கினேன். பதினாறாயிரம் ஒலிகள். அப்புறம்தான் விதியைப் படித்தேன். சொந்த உபயோகம், படிப்பு, ஆராய்ச்சி, அவ்வளவுதான். பாட்டில் வைத்து வெளியிட வேண்டுமானால் தனியாகக் காசு கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். இறக்கியவை இன்னும் ஹார்ட் டிஸ்கில் தூங்குகின்றன.

ஃப்ரீசவுண்டில் டிரம் தேட மாட்டேன். இருக்கிறது, ஆனால் பத்தில் எட்டு சுத்தமில்லாதது. ஒவ்வொன்றாகத் துடைத்து எடுப்பதற்குள் நாமே செய்துவிடலாம். இடங்களைத் தேடுவேன். மழை, ரயில் நிலையம், சந்தை, பள்ளிக்கூட மைதானம், தூரத்து மணி. பாட்டுக்கு அடியில் மெல்லிசாக ஓடவிட்டால் தனியாகக் கேட்காது, எடுத்துவிட்டால் பாட்டு வெறிச்சென்று ஆகிவிடும். நாம் போக முடியாத ஊரின் காற்றைச் சும்மா வாங்கிக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பழைய பாட்டிலிருந்து வெட்டுவது

அவன் கேட்காத வழி இது. ஆனால் செய்துகொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியும். போன தடவை வந்தபோது ஒரு கறுப்பு-வெள்ளைக் காலத்துப் பாட்டின் வயலினை வெட்டி வைத்த பீட்டைக் கேட்கச் சொன்னான். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் பிரச்சினை.

இந்தக் கலையின் பெரிய வரலாறே இங்கேதான் இருக்கிறது. ஒலித் துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் கருவிதான் சாம்பிளர். 1987இல் வந்த எமு எஸ்பி-1200 சாம்பிளரில் மொத்தமே பத்து விநாடிதான் பதிய முடியும். அதனால் 33 வேகத்து இசைத்தட்டை 45இல் சுழற்றி, சீக்கிரமாக ஓடும் பாட்டைப் பதிந்து, உள்ளே போனபின் வேகத்தைக் குறைத்தார்கள். நேரம் மிச்சம். கூடவே 12 பிட் கரகரப்பு இலவசம். அந்தக் கரகரப்பைத்தான் இன்று பிளகின் (இசை மென்பொருளுக்குள் செருகும் சின்ன மென்பொருள்) என்று காசு கொடுத்து வாங்குகிறோம்.

அப்புறம் 'ஆமென் பிரேக்'. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் 'ஆமென், பிரதர்' பாட்டில் கிரிகரி கோல்மன் தனியாக வாசிக்கும் நாலு பார் டிரம், ஏழு விநாடிக்குள் முடிந்துவிடும். ஹிப்-ஹாப்பிலும், அப்புறம் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற நடன இசை வகைகள் முழுவதிலும் அந்த ஏழு விநாடிதான் முதுகெலும்பு. கோல்மனுக்கு அதிலிருந்து ராயல்டி என்று ஒரு காசும் வரவில்லை. 2006இல் இறந்துபோனார். 2015இல் ரசிகர்கள் தாங்களாகவே வசூல் செய்து குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் 24,000 பவுண்டு கொடுத்தார்கள். அந்த டிரம்மைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

நீதிமன்றங்கள் பிறகு விழித்துக்கொண்டன. 1991இல் நியூயார்க்கில் ராப் பாடகர் பிஸ் மார்க்கி ஒரு பழைய பாட்டை அனுமதி கேட்காமல் எடுத்த வழக்கில், நீதிபதி "களவு செய்யாதிருப்பாயாக" என்ற வேதாகமக் கட்டளையோடுதான் தீர்ப்பையே ஆரம்பித்தார். 2005இல் இன்னோர் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், லைசென்ஸ் வாங்கு, இல்லையா சாம்பிள் செய்யாதே என்று ஒரே போடாகப் போட்டது. 2016இல் வேறொரு நீதிமன்றம், மடோனாவின் 'வோக்' பாட்டில் கால் விநாடிகூட வராத ஒரு ஹார்ன் ஒலிக்காக நடந்த வழக்கில், இவ்வளவு சின்னது குற்றமில்லை என்றது. ஜெர்மனியில் கிராஃப்ட்வெர்க் குழு தங்கள் பாட்டின் இரண்டு விநாடித் தாளத்துக்காக இருபது வருடத்துக்கு மேல் வழக்காடியது. அது ஐரோப்பிய நீதிமன்றம்வரை போய், கேட்டால் அடையாளம் தெரிகிற துணுக்குக்கு அனுமதி வேண்டும் என்று 2019இல் சொன்னார்கள். ஆக, இத்தனை விநாடிக்குள் இருந்தால் பாதகமில்லை என்று நண்பர்கள் சொல்லும் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை.

நம் ஊர்ச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் அதில்தான் வழுக்குகிறார்கள். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான வருடத்துக்கு அடுத்து 60 ஆண்டுகள். அப்படிப் பார்த்தால் 1950களின் இசைத்தட்டுகள் எல்லாம் விடுதலை ஆகிவிட்டன. ஆனால் அந்தத் தட்டுக்குள் மெட்டும் வரிகளும் இருக்கின்றன. அவற்றுக்கான கணக்கு, எழுதியவர் இறந்த பிறகு 60 ஆண்டுகள். ஜி. ராமநாதன் 1963இல் காலமானார், எனவே அவர் மெட்டுகளுக்கான காலம் 2023 முடிவோடு தீர்ந்தது. பாபநாசம் சிவன் 1973இல் காலமானார், அவர் இயற்றியவை 2033 முடியும்வரை காப்பில் இருக்கும். தட்டு விடுதலையானாலும் பாட்டு விடுதலையாகவில்லை. இதுவும் இந்தியாவுக்குள்தான். ஸ்ட்ரீமிங்கில் ஏற்றினால் எல்லா நாட்டுக்கும் போகிறது, ஐரோப்பாவில் ஒலிப்பதிவுக்கு 70 ஆண்டு. அமெரிக்காவில் 1923க்கு முந்தைய பதிவுகளே 2022இல்தான் பொதுவுக்கு வந்தன.

டீஸர் நிறுவனம் 2019இல் ஸ்ப்ளீட்டர் என்ற மென்பொருளை வெளியிட்டதிலிருந்து, பாட்டைக் குரல், டிரம், பேஸ் என்று பிரித்தெடுப்பது பொத்தான் வேலை ஆகிவிட்டது. பிரித்தெடுத்தால் உரிமை மாறிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். தேங்காயைத் துருவிவிட்டால் தோப்புக்காரனுக்குக் காசு தர வேண்டாம் என்பது மாதிரி.

காது பழக, வெட்டிப் பழக, பழைய பாட்டுகளைவிட நல்ல வாத்தியார் கிடையாது. வீட்டுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் செய்யட்டும். வெளியிடும் பாட்டில் வேண்டாம். ஆசை தாங்கவில்லை என்றால் ட்ராக்லிப் மாதிரி, அசல் பாட்டுகளை முன்கூட்டியே விலை பேசி லைசென்ஸோடு தரும் தளங்கள் இருக்கின்றன. கல்லூரிப் பையன் பட்ஜெட்டுக்கு அது இப்போதைக்கு எட்டாது.

நாமே பதிவது

1948இல் பாரிஸ் வானொலியில் வேலை பார்த்த பியர் ஷெஃபர், பத்தின்யோல் ரயில் நிலையத்தில் எஞ்சின்களின் ஓசையைப் பதிந்து, அதையே துண்டு துண்டாகக் கோத்து இசையாக்கினார். இன்று சாம்பிள் என்று நாம் செய்வதெல்லாம் அங்கிருந்து வந்த வேலைதான். பிபிசியின் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பில் டீலியா டெர்பிஷயருக்குப் பிடித்த வாத்தியம் ஒரு பச்சை நிற உலோக விளக்கு மூடி. அதைத் தட்டிப் பதிந்து, தட்டும் முதல் சத்தத்தை நாடாவிலிருந்து வெட்டி எறிந்துவிட்டு மிச்ச ரீங்காரத்தை வைத்துக்கொள்வார். மேட்மோஸ் என்ற இருவர் குழு 2016இல் தங்கள் வீட்டு வாஷிங் மெஷின் ஒலியை மட்டும் வைத்து முழு ஆல்பம் போட்டது. மேத்யூ ஹெர்பர்ட் இன்னும் ஒருபடி மேலே போய், பிறர் ஒலியையும் டிரம் மெஷினையும் தொட மாட்டேன் என்று 2000இல் தனக்குத்தானே ஒப்பந்தமே எழுதிக்கொண்டார். அந்த அளவுக்குப் போக எனக்கு வைராக்கியம் கிடையாது. விளக்கு மூடி யோசனை மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை.

நம் சமையலறையில் எவர்சில்வர் இருக்கிறதே, அதுவே பாதி ஸ்டூடியோ. ஒரு குடத்தில் கால்பாகம் தண்ணீர் விட்டு, மெல்ல ஆட்டிக்கொண்டே விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். தண்ணீர் சரியும்போது சுருதி வளையும். டம்ளர் விளிம்பு, இட்லிக் கொப்பரை மூடி, குக்கர் வெயிட் கிளம்பும் முன் வரும் முனகல், எல்லாமே அப்படித்தான். என் இரண்டு பாட்டுகளில் அடியில் ஓடும் நீண்ட ரீங்காரத்தை எந்த சிந்தசைசர் என்று கேட்டிருக்கிறார்கள். அது அம்மாவின் கிரைண்டர், ஒரு ஸ்தாயி கீழே இறக்கியது.

அந்தக் கிரைண்டரைக் காற்றில் பதியவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பீசோ தகடு என்று கேட்டால் டீ-வடைக் காசுக்குத் தருவார்கள், பஸ்ஸருக்குள் இருக்கும் பித்தளை வட்டம். அதில் ஒரு ஒயரும் கிடார் ஜாக்கும் பற்றவைத்து, பொருளின் உடம்பில் டேப் போட்டு ஒட்டினால், காற்றில் வராத சத்தத்தை, பொருளுக்குள் ஓடும் அதிர்வை, நேராக எடுத்துவிடும். பக்கத்து வீட்டு டிவி விழாது. ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கையும் கிடாரையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) மைக் துளையில் செருகினால் தகர டப்பா மாதிரி ஒலிக்கும், கிடாருக்கான துளையில் செருக வேண்டும். பீசோவுக்கு எதிரில் பெரிய மின்தடை இருந்தால்தான் கீழ் ஒலிகள் தங்கும்.

காற்றில் பதிய போனே போதுமா? ஆரம்பத்துக்குப் போதும், இரண்டு சங்கதிகளைச் சரிசெய்துகொண்டால். போன்கள் எல்லாம் பேச்சுக்காகச் செய்தவை. பின்னணியைத் தானாக அமுக்கும், மெல்லிய ஒலியைத் தானாகத் தூக்கும். ரீங்காரம் அடங்கும் நேரத்தில் அந்தத் தூக்கல் கேட்டால் சாம்பிள் வீண். அதை அணைக்க விடும் ரெக்கார்டிங் ஆப்பைப் போட்டு, சுருக்காத வேவ் கோப்பாகப் பதிய வேண்டும். ஐபோனின் வாய்ஸ் மெமோவில்கூட தரம் இழக்காத அமைப்பு உண்டு, தானாக இருக்காது, நாம்தான் மாற்ற வேண்டும்.

தனி ரெக்கார்டர் பத்தாயிரம் ரூபாய் வட்டாரத்தில் கிடைக்கிறது. ஜூம் எச்1 எசென்ஷியல் அந்த வகை. இதில் 32 பிட் ஃப்ளோட் இருப்பதால் ஒலி அளவை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டியதில்லை. திடீரென்று சத்தம் கூடினாலும் பிற்பாடு கீழே இறக்கிக்கொள்ளலாம். 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால், பாதி வேகத்துக்கு இறக்கும்போது மேல் ஒலிகள் மங்காமல் வரும். கண்ணாடி, உலோகம், சாவிக்கொத்து இவற்றுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். வெளியில் பதிவதென்றால் மைக்குக்கு ரோமக் குல்லாய் கட்டாயம். கடற்கரையில் அது இல்லாமல் எடுத்த ஒரு மணி நேரத்தை அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறேன், முழுக்கக் காற்று அறைகிற சத்தம்.

வீட்டில் எதிரிகள் ஃபேனும் ஃபிரிட்ஜும். மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவது ஒரு தனித் தவம். ஒரே பொருளை ஒரு தடவை தட்டிவிட்டு ஓடிவிடக் கூடாது. மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று இருபது தடவை தட்டி, ஒவ்வொன்றும் முழுசாக அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தச் சின்னச் சின்ன வேறுபாடுதான் கணினியில் வரிசையாக ஒலிக்கும்போது இயந்திரத்தனத்தைக் குறைக்கிறது. கடைசியில் யாரும் எதுவும் செய்யாமல் பத்து விநாடி வெறும் அறையைப் பதிந்துகொண்டால் இரைச்சல் நீக்கும்போது உதவும். அப்புறம், அன்றைக்கே பெயர் வைத்துவிட வேண்டும். 'குடம்_கால்தண்ணி_முட்டி_மெதுவாக' என்று நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் வைக்கலாம் என்று விட்ட கோப்புகள் எனக்கு நானூறு இருக்கின்றன.

பறை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அவன் அதைத்தான் அடுத்த பாட்டின் முகமாக வைக்க நினைக்கிறான். விற்பனைக்கு வரும் தொகுப்புகளில் 'இந்தியத் தாளம்' என்று போட்டிருந்தால், நான் பார்த்தவரை பெரும்பாலும் தபலா, டோலக். பறை என்ற பெயரிலேயே கிடைத்தாலும் ஒரே அடியைத்தான் திரும்பத் திரும்பத் தருகிறார்கள். அடிக்குச்சியின் கனமும் சிண்டுக்குச்சியின் சிதறலும் தனித்தனியாகக் கிடைப்பதில்லை. உறுமியில் வளைகுச்சி தோலை உரசும்போது வரும் அந்த முனகலை எந்தப் பிளகினும் எனக்குத் தரவில்லை. அதனால் இதற்கு வேறு வழியில்லை, வாசிப்பவரைப் போய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

போனால் முறையாகப் போக வேண்டும். தெருவில் ஊர்வலம் போகும்போது போனை நீட்டி எடுத்ததைப் பாட்டில் வைப்பது எனக்கு ஒப்பாது. சட்டமும் ஒப்பாது, வாசித்தவருக்கு நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு இருக்கிறது. கலைஞரிடம் எதற்கு என்று சொல்லி, அரை நாள் சம்பளம் பேசி, இந்தப் பதிவைப் பாட்டில் பயன்படுத்தவும் வெளியிடவும் சம்மதம் என்று தமிழிலேயே ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். பாட்டில் பெயரும் வர வேண்டும். இன்னொன்று, பறையைத் தீயில் காய்ச்சித்தான் தோலை இறுக்குவார்கள். ஆற ஆறச் சுருதி இறங்கும். பத்து நிமிடம் விட்டுப் பதிந்த இரண்டு அடிகள் ஒன்றோடொன்று சேராது. காய்ச்சியதும் முக்கியமான அடிகளை முதலில் எடுத்துக்கொண்டு, ஆறும்போது வரும் தொய்வையும் தனியாக எடுத்து வைத்துக்கொள்வேன். சில பாட்டுக்கு அந்தத் தொய்வுதான் பொருந்தியிருக்கிறது.

சிந்தசைசரில் செய்வது

கிக்கை, அதாவது காலால் மிதிக்கும் பெரிய டிரம்மின் அடியை, காசு கொடுத்து வாங்குவது எனக்குப் புரியாத விஷயம். ஒரு சைன் அலை, 200 ஹெர்ட்ஸில் தொடங்கி பத்தில் ஒரு விநாடிக்குள் 50க்கு விழுகிறது. கிக் அவ்வளவுதான். 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷினுக்குள் ஒரு பதிவும் கிடையாது, எல்லாம் மின்சுற்று செய்யும் வேலை. 1983இல் வந்த 909இல்கூட ஹை-ஹேட்டும் சிம்பலும் மட்டும்தான் பதிவு, கிக் சுற்றுதான். வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி என்ற சிந்தசைசர் மென்பொருள்கள் இரண்டும் இலவசம், இரண்டிலும் இதை அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். வாங்கிய கிக் யாரோ ஒருவர் பாட்டின் சுருதியில் இருக்கும். நாம் செய்தது நம் பேஸ் எங்கே நிற்கிறதோ அங்கே வந்து விழும், பேஸ் 'ஏ'வில் இருந்தால் 55 ஹெர்ட்ஸ். கீழே இரண்டும் முட்டிக்கொள்ளாது. ஸ்னேருக்கு வெள்ளை இரைச்சல் கொஞ்சம் சேர்க்க வேண்டும், மற்றபடி இதே கதை.

சொந்தச் சரக்கை மறுபடி வெட்டுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முடிக்காமல் விட்ட பாட்டுகள் எல்லாரிடமும் இருக்கும். அவற்றில் ஒன்றை முழுசாக ஒரே கோப்பாக இறக்கி, ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் இருக்கும் பால்ஸ்ட்ரெட்ச்சில் போட்டு இருபது மடங்கு இழுத்துப் பாருங்கள். மோசமான பாட்டுதான் நல்ல பேடாக (பின்னணியில் நீண்டு படரும் ஒலி) வருகிறது, ஏனோ.

அப்போ அந்தப் பத்தாயிரம்?

பேருந்தில் சொன்னதை மாற்றிச் சொல்கிறேன். ரெக்கார்டரை இப்போது வாங்காதே. போனில் ஆப்பைப் போடு, இரண்டு பீசோ தகடு வாங்கிப் பற்றவை, கிக்கையும் பேஸையும் நீயே செய். பட்டியல் எழுதி ஒரு மாதச் சந்தா எடுத்து நிறுத்து. இத்தனைக்கும் சேர்த்து இரண்டாயிரம் ஆகாது. மிச்ச எட்டாயிரத்தில் பெரும்பகுதி பறைக் கலைஞரின் அரை நாளுக்கு, போக்குவரத்துக்கு, சாப்பாட்டுக்கு. அந்த ஒரு நாளுக்கு மட்டும் என் ரெக்கார்டரைத் தருகிறேன், குல்லாயோடு. மூன்று மாதம் கழித்தும் போனில் பதிந்துகொண்டே இருந்தாய் என்றால், அப்போது உனக்கு ரெக்கார்டர் தேவை. பெட்டியில் கிடக்கும் ரெக்கார்டர்கள் எனக்குத் தெரிந்து நாலு வீட்டில் இருக்கின்றன.

இதைச் சுருக்கி வாட்ஸப்பில் அனுப்பினேன். பதிலாக எட்டு விநாடிக் கோப்பு ஒன்று வந்தது. அடியில் ஒரு உறுமல், மேலே கண்ணாடி உடைகிற மாதிரி மினுமினுப்பு, நடுவில் யாரோ மூச்சு விடுவதுபோல் ஒன்று. மூன்று தடவை திரும்பக் கேட்டேன். கோப்பின் பெயர் 'ரெக்கார்டிங் 37'. எதைடா பதிஞ்ச என்று கேட்டால், "அதான் மாமா, எனக்கே ஞாபகம் இல்ல" என்கிறான்.